அம்மா செத்த கதை

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு வந்தாலே எனக்கு எங்காவது ஓடிவிடலாமா என்றிருக்கும். அன்றைக்குத்தான் யாராவது ஒருவர் எங்கள் சங்கத்துக்கு வந்து, எங்களுக்கெல்லாம் ஊக்கம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவார்.

சங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிற எங்கள் 'கெடிலக்கரை நேசக்கரங்கள்' புயல் அடித்தால் தேவனாம்பட்டினத்துக்குப் பாயும் அரிசியும் கொண்டு போகும், வருஷத்துக்கு இரண்டு கண் முகாம் நடத்தும். அதற்காகத்தான் நானும் சேர்ந்தேன். ஆனால் தலைவர் சுப்பராயலுவுக்குப் பேச்சாளர் பைத்தியம். டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர், தங்கமான மனுஷர், யாராவது மைக்கைப் பிடித்துக் கத்தினால் மட்டும் உருகிப் போய்விடுவார். அவர் புண்ணியத்தில் ஆறு வருஷமாக நான் பார்க்காத ஊக்கம் இல்லை. ஒருவர் மேடையில் கூரை ஓட்டைக் கையால் உடைத்து, "உங்கள் தடைகளும் இப்படித்தான் நொறுங்கும்" என்றார். ஓட்டுத்துண்டுகளை நாங்கள்தான் பெருக்கினோம். இன்னொருவர், பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு "நீ ஒரு வைரம்" என்று சொல்லச் சொன்னார். என் பக்கத்தில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர் தினமும் என் வீட்டு வாசலுக்கு நேராகக் குப்பையைக் கொட்டுகிற எதிர்வீட்டுக்காரர். அவரையும் வைரம் என்று சொன்னேன். வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருந்தது.

சங்கத்தில் நான் இணைச் செயலாளர். அதாவது நன்றியுரை. பெண்பிள்ளைக்கு வேறு என்ன கொடுப்பார்கள்? பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பதால் மைக்கில் நடுங்காமல் பேசுவேன். எல்லாருக்கும் ஒரே நன்றியுரைதான், பெயரை மட்டும் மாற்றிக்கொள்வேன்.

மாசி மாதக் கூட்டத்துக்கு முன்னால் ஒருநாள் சுப்பராயலு கண்கள் பளபளக்க என் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், சிதம்பரத்துல ஒரு மாணிக்கத்தப் புடிச்சிருக்கேன். 'விழுந்தாலும் எழு' கதிரவன்னு பேரு. அவுங்க அம்மா செத்த கதைய சொல்றாரு பாருங்க, கல்லும் கரைஞ்சிடும். ஒரே புள்ளையாம். அனாதையா நின்னு மேல வந்திருக்காரு" என்று சொல்லி, போனை என் முன்னால் நீட்டினார்.

கோட்டும் கன்னத்தில் ஒட்டிய மைக்குமாக வீடியோவில் நின்றது என் தம்பி. என் கூடப் பிறந்த தம்பி. செத்துப்போனதாக அவன் அழுதுகொண்டிருந்த அம்மா அன்று காலையில்தான் குமராட்சியிலிருந்து எனக்குப் போன் செய்து, முருங்கைக்கீரை நிறைய இருக்கிறது, யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

கதை இப்படிப் போனது. குமராட்சிப் பக்கம் கொள்ளிடத்தில் வெள்ளம். நடவு வேலை செய்து மகனைப் படிக்க வைக்கும் ஏழைத்தாய். மகனின் மதிப்பெண் சான்றிதழைத் தகரப்பெட்டியில் வைத்து, பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடக்கிறாள். தண்ணீரில் வந்த நல்லபாம்பு காலில் கொத்துகிறது. பெட்டியைக் கரையில் வைத்துவிட்டு மகன் மடியில் உயிரை விடுகிறாள்.

இதில் வெள்ளம் உண்மை, தகரப்பெட்டி உண்மை. பாம்பும் வந்தது, அது தன் பாட்டுக்கு நீந்திப் போய்விட்டது. அம்மா கரையேறி, புடவையைப் பிழிந்து கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த எங்களுக்குச் சோறு வாங்கப் போய் வரிசையில் நின்றாள். பெட்டிக்குள் இருந்தது என்னுடைய பிளஸ் டூ மார்க் ஷீட். அவன் அப்போது ஒன்பதாவது ஃபெயிலாகி வீட்டில் இருந்தான்.

எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே சுப்பராயலுவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'அந்த அனாதைக்கு அக்கா நான்தான்' என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? வெட்கமாக இருந்தது. நல்ல பேச்சாளர் என்று தலையாட்டி அவரை அனுப்பிவிட்டேன்.

அவர் போன பிறகுதான் இன்னொன்று உறைத்தது. இரண்டு வருஷமாக அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பெரிய பேனரில் மகன் படத்தைப் பார்த்ததிலிருந்து அவன் பேசுவதை ஒருநாள் நேரில் கேட்க வேண்டும் என்று கிடந்தாள். "ஊரு ஒலகமே கேக்குது, பெத்தவ கேக்கக் கூடாதா?" என்பாள். அவனிடம் கேட்டால், "அடுத்த தடவை பாக்கலாம்மா, உனக்கு அதெல்லாம் புரியாது" என்று சொல்லிவிடுவான். சிதம்பரத்துக்கும் குமராட்சிக்கும் மினி பஸ் ஓடுகிறது. அவன் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் காரில் வருவான், ஒரு பை ஆப்பிளை இறக்கி வைப்பான், காபி ஆறுவதற்குள் போய்விடுவான். கோட்டுப் போட்ட மகன் நடவுக்குப் போகிற அம்மாவைக் காட்ட வெட்கப்படுகிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவன் அவளைக் கொன்று புதைத்துவிட்டான் என்று கனவிலும் நினைக்கவில்லை.

போன பொங்கலுக்கும் அவன் வரவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்காமல், "அவனத் தலைமுழுவிட்டு நிம்மதியா இரும்மா" என்று சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"பெத்த புள்ளயத் தலைமுழுவுன்னு சொல்றியே, அது ஒரு வாயா? செத்தாத்தாண்டி தலைமுழுவுவாங்க. நல்ல நாளும் அதுவுமா." அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

சுப்பராயலு வந்துபோன அன்று சாயங்காலமே தம்பிக்குப் போன் செய்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஊரை ஏய்க்கிறவர்களுக்குப் பொறுமை ஜாஸ்தி.

"அக்கா, அது கன்டென்ட்டுக்கா. ஆடியன்ஸுக்கு எமோஷன் வேணும். உயிரோட இருக்கற அம்மாவுக்கு எவன் கை தட்டுவான், சொல்லு?"

"கடலூருக்கு அம்மாவக் கூட்டிட்டு வரப் போறேன். அவ ஒரு தடவ உன் பேச்சக் கேக்கணும். அந்தக் கதை அன்னிக்கி உன் வாயில வரக்கூடாது."

"சரி. சொல்ல மாட்டேன். அம்மா மேல சத்தியமா" என்றான்.

"எந்த அம்மா மேலடா? செத்தவ மேலயா, இருக்கறவ மேலயா?"

அதற்கு அவன் சிரித்தான். "ஆனா ஒண்ணுக்கா. நான் உன் தம்பின்னோ, அவுங்க என் அம்மான்னோ யார்கிட்டயும் சொல்லிடாத. பின்னாடி உக்கார வை. பொழப்பு கெட்டுடும்" என்றான்.

ஒத்துக்கொண்டேன். அம்மா ஆசைப்பட்டது கிடைத்தால் போதும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அவனை மகன் என்று மண்டபத்தில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடமும் சொல்லிவைத்தேன். "நான் எதுக்குடி சொல்லப் போறேன், அவன் பேசுறது காதுல வுழுந்தா போதாதா?" என்றாள் அவள்.

சனிக்கிழமையே வந்துவிட்டாள். ஞாயிறு காலையில் எனக்கு முன்னால் எழுந்து குளித்து, எண்ணெய் வைத்துத் தலைவாரி, என் மகள் வயசுக்கு வந்தபோது எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு ஏழு மணிக்கே தயாராக இருந்தாள். கூட்டம் பதினோரு மணிக்கு. "சீக்கிரம் போனா நல்ல எடமா கெடைக்கும்" என்றாள். கடைசி வரிசைதான் என்று அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

மண்டபத்தில் ஏறக்குறைய நூறு பேர். அம்மாவை "எங்க அம்மா" என்று எங்கள் சங்கத்து நர்ஸ் பிரிசில்லாவிடம் சொல்லி அவள் பக்கத்தில் உட்கார வைத்தேன். கதிரவன் வந்தான். சுப்பராயலு அவனை வாசலிலிருந்து கையைப் பிடித்து அழைத்துவந்தார். கடைசி வரிசையைத் தாண்டும்போது அவன் பார்வை அம்மாவின் மேல் விழுந்தது, ஒரு காலி நாற்காலியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு நகர்ந்தது. அம்மா பாதி எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்தாள்.

முதல் அரைமணி நேரம் அவன் வார்த்தையைக் காப்பாற்றினான். கழுகு கதை சொன்னான். அலகைப் பாறையில் உடைத்துக்கொண்டு புதிதாக முளைக்க வைக்குமாம் கழுகு. இந்தக் கழுகு எங்கள் மேடைக்கு ஏற்கனவே நாலு தரம் வந்து போயிருந்தது. யாரும் கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்த காண்டிராக்டர் போனை நோண்டினார். பின்பக்கம் பிரியாணிக்குத் தம் உடைத்துவிட்டார்கள், வாசனை மண்டபம் முழுக்க வந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. சுப்பராயலு கூடக் கொட்டாவியை மறைத்தார். அம்மா மட்டும் முன்னுக்குச் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு சொல் கூடத் தவறிவிடக் கூடாது என்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் பேச்சை நிறுத்தினான். கூட்டத்தைப் பார்த்தான். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தான். நான் மேடையின் ஓரத்தில் இருந்தேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவன் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினான்.

"எனக்கு ஒரு அம்மா இருந்தாங்க."

போன்கள் இறங்கின. நூறு தலைகள் நிமிர்ந்தன. அம்மா சிரித்தாள். 'அம்மா' என்ற சொல் மட்டும்தான் அவளுக்கு முதலில் எட்டியது. 'இருந்தாங்க' பிறகுதான் எட்டியிருக்க வேண்டும்.

வெள்ளம் வந்தபோது ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். தகரப்பெட்டி வந்தபோது பக்கத்தில் இருந்த பிரிசில்லாவிடம் என்னவோ சொல்லக்கூடச் செய்தாள். பாம்பு வந்தது. பாம்பு கொத்தியது. அம்மா குனிந்து, புடவையை லேசாக விலக்கி, தன் காலைப் பார்த்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். என் ஆயுசுக்கும் மறக்காது.

அவன் அழுதான். நிஜக் கண்ணீர். "என் மடியில தலைய வச்சி, 'படிப்ப மட்டும் விட்டுடாதடா கதிரு'ன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் பேசல" என்றான். காண்டிராக்டர் கர்ச்சீப்பை எடுத்தார். பிரிசில்லா விசும்பினாள். சிறிது நேரம் விட்டு, பயிற்சி எடுத்த குரலில், "எல்லாரும் எழுந்து நில்லுங்க. எங்க அம்மாவுக்காக, ஒரே ஒரு நிமிஷம்" என்றான்.

மண்டபமே எழுந்து நின்றது. அம்மாவும் எழுந்தாள். எல்லாரும் நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று நினைத்தாளோ என்னவோ. தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு, தன் சாவுக்குத் தானே ஒரு நிமிஷம் மௌனமாக நின்றாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அடித்த கைதட்டலில் மண்டபத்துக் கூரை அதிர்ந்தது. சுப்பராயலு மூக்கை உறிஞ்சிக்கொண்டே பொன்னாடையை எடுத்து வந்து அவன் தோளில் போர்த்தினார். பேச்சாளர்கள் மறந்து விட்டுப் போகிற பொன்னாடைகளைப் பீரோவில் மடித்து வைத்து அடுத்தவருக்குப் போடுவது எங்கள் வழக்கம். சந்தனக் கலரில் ஜரிகைக்கரை போட்ட அந்தச் சால்வையை நானே மூன்று பேர் மேல் பார்த்திருக்கிறேன். அத்தோடு விட்டிருக்கலாம். மனுஷருக்கு உருக்கம் தலைக்கேறிவிட்டது.

"நம்ம எழிலரசி டீச்சரோட அம்மா வந்திருக்காங்க. அவுங்களும் குமராட்சிதானாம்! அம்மா ஸ்தானத்துல அவுங்க வந்து இந்தத் தம்பிய ஆசீர்வாதம் பண்ணணும்" என்று மைக்கில் அறிவித்தார்.

பிரிசில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிவந்துவிட்டாள். இருவரும் எதிரெதிரே நின்றார்கள். நான் அவன் முகத்தையே பார்த்தேன். இப்போதாவது காலில் விழுவான், இப்போதாவது உடைவான் என்று ஒரு நொடி நம்பினேன். என்ன இருந்தாலும் தம்பி இல்லையா? அவன் தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்தான். அம்மாவின் தோளைச் சுற்றிப் போர்த்தினான். கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

"எங்க அம்மா இருந்திருந்தா, இவங்க வயசுதான் இருக்கும்."

மறுபடியும் கைதட்டல். போட்டோ எடுத்தார்கள். அம்மா போட்டோவுக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்து நன்றியுரை, எழிலரசி டீச்சர்" என்று கூப்பிட்டார்கள்.

மைக்கின் முன்னால் நின்றேன். இந்த ஆள் என் தம்பி, இந்தப் பொம்பளைதான் அவனைப் பெற்றவள், சாகவில்லை, கண்ணைத் துடைத்துவிட்டுப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். வாயைத் திறந்தேன். அதற்குள் மேடையை விட்டு இறங்கியிருந்த அம்மா கீழே நின்றபடி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் அவனைப் பார்த்து ஆட்டினேனே, அதே மாதிரி. அவன் கேட்கவில்லை. நான் கேட்டேன். "நம் உள்ளங்களில் நம்பிக்கை விதையை ஊன்றிச் சென்ற சிறப்பு விருந்தினருக்கு நெஞ்சார்ந்த நன்றி" என்று எப்போதும் சொல்வதைச் சொல்லிவிட்டு இறங்கினேன். அவன் செய்ததை விட, நான் நன்றி சொன்னதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது.

அம்மா சாப்பிடவில்லை. பிரிசில்லா எவ்வளவு சொல்லியும், தண்ணீர் கூட வாங்கவில்லை.

வாசலில் தன் கார் பக்கத்தில் அவன் எங்களைப் பிடித்தான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் கிட்டே வந்தான். "கூட்டம் உக்காரலக்கா, நீயே பாத்தல்ல? எனக்கு வேற வழி தெரியல" என்று என்னிடம் சொன்னான். அம்மாவிடம், "சாப்ட்டியாம்மா?" என்று குரலைத் தணித்துக் கேட்டான்.

"நல்லாத்தாண்டா பேசுற" என்றாள் அம்மா. "எனக்கே அழுவ வந்துட்டுது."

அந்த நாய்க்கு முகம் மலர்ந்தது. அவள் சொன்னதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டான். கை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினான்.

அவளைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை, நானும் சிதம்பரம் பஸ் ஏறினேன். பொன்னாடையை நாலாக மடித்து மடியில் வைத்திருந்தாள். புதுச்சத்திரம் வந்தபோது கேட்டாள்.

"பாம்பு எந்தக் கால்லடி கடிச்சிதுன்னான்?"

"சொல்லலம்மா."

"அதயாவது யோசிச்சி வச்சிருக்கலாம்."

ஆறுதலாக என்ன சொல்வது என்று தெரியாமல், "செத்துட்டாங்கன்னு பொய்ச் சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்கம்மா" என்றேன்.

"ஊரான் சொன்னா அப்படி. பெத்த புள்ள சொன்னா?" மடியில் இருந்த துணியைத் தடவினாள். "கோடியே போட்டுட்டான்டி."

சாவு வீட்டில் பிணத்தின் மேல் போர்த்துகிற துணிக்குத்தான் கோடி என்று பெயர். அது புதிதாகவாவது இருக்க வேண்டும். இது பீரோவில் கிடந்தது என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

சிதம்பரத்தில் இறங்கி மினி பஸ் பிடித்துக் குமராட்சி போய்ச் சேரும்போது நாலரை மணி, வெயில் இன்னும் இறங்கவில்லை. நான் பூட்டைத் திறந்தேன். அம்மா வாசலில் கால் வைக்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் அடிபம்புக்குப் போனாள். பொன்னாடையை வேலி மேல் போட்டாள். கொண்டையை அவிழ்த்துவிட்டு, அரக்குப் பட்டோடு அப்படியே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"என்னம்மா பண்ற? பட்டுப்பொடவ!"

"சாவுக்குப் போயிட்டு வந்திருக்கோம். அப்படியே உள்ள போவலாமா? கொடத்துல அடிச்சி ஊத்து."

அடித்தேன். முதல் குடத்தை ஊற்றினேன். காலையில் தேய்த்த எண்ணெய் தண்ணீரோடு வழிந்தது. இரண்டாவது குடத்தைத் தூக்கும்போது, பைக்குள் இருந்த என் போன் அடித்தது. கதிரவன். திரையை அவளுக்கு நேராக நீட்டினேன்.

அம்மா முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டு அந்தப் பெயரையே பார்த்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், அவன் பெயரைப் படிக்கத்தான் முதலில் கற்றுக்கொண்டாள்.

"செத்தவகிட்டப் போனக் குடுக்கிறியேடி" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "ஊத்து."

ஊற்றினேன். மூன்றாவது குடத்தில் போன் அடிப்பது நின்றது. அவள் இன்னொரு குடம் கேட்டாள்.